மெத்தைக்காரரின் நாக்கு

மெத்தைக்காரர் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பாடு கேட்டால், கடைசியாக மெத்தை வாங்கிப்போனது யார் என்று அவர் மனைவி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொல்லிவிடுவாள். "சாப்பாடு ரெடியாஆஆ?" என்று இழுத்தால் பாத்திரக்கடை வரிசை. "சாப்பாடு?" என்று ஒரே வெட்டாக வெட்டினால் பூட்டுக்கடை வரிசை. ஒருநாள் "ஹாப்பாழு ழெழியா?" என்று குழறினார். பல்செட்டை எங்கோ வைத்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் அன்றைக்குத் தலையணை வாங்கிப்போயிருந்தார். ஒரு கிளி கடைக்குள் பறந்து வந்து அரைமணி நேரம் பேசியிருந்தால், மனுஷன் ராத்திரிக்குக் கொய்யாப்பழம்தான் கேட்டிருப்பார்.

அவர் இதை வேண்டுமென்று செய்யவில்லை. செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. எதிரில் இருப்பவர் பேசப்பேச இவர் நாக்கு தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தண்ணீரை எந்தச் செம்பில் ஊற்றினாலும் உட்கார்ந்துகொள்கிற மாதிரி. தண்ணீருக்காவது கொஞ்சம் சத்தம் உண்டு. இவருக்கு அதுவும் கிடையாது.

இந்த நாக்கை வைத்துக்கொண்டு வேறெந்தத் தெருவில் கடை போட்டிருந்தாலும் என்றைக்கோ உதை வாங்கியிருப்பார். இந்தத் தெருவில் அதுவே முதலீடு. ஏனென்றால் இங்கே இருக்கிற இரண்டு வரிசைக் கடைக்காரர்களைப்போல் தங்கள் பேச்சின்மேல் ஆசைவைத்த ஜென்மங்களைப் பூமியில் பார்க்க முடியாது. பாத்திரக்கடை வரிசைக்காரர்கள் வாக்கியத்தின் கடைசி எழுத்தைப் பிடித்து, ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போடுவதுபோல நீட்டிப் போடுவார்கள். பூட்டுக்கடை வரிசைக்காரர்களுக்குக் கடைசி எழுத்தைச் சொல்வதே வீண். இரண்டு கூட்டமும் பிழைக்க வந்தது ஒரே ஊரிலிருந்து. அந்த ஊருக்கு நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியதாம், ஆட்டுக்குட்டி தாண்டுகிற அகலம். அந்தப் பக்கம் இழுப்பு, இந்தப் பக்கம் வெட்டு. வாய்க்கால் தூர்ந்து, அதன்மேல் வீடு கட்டிக் குடியும் போயாயிற்று. இந்தப் புண்ணியவான்கள் மட்டும் அதை நாக்கில் சுமந்துகொண்டு வந்து இந்தத் தெருவுக்கு நடுவில் ஊற்றிவிட்டார்கள். ஒரு வரிசைக்காரன் மறுவரிசை டீக்கடையில் டீ குடித்தால், அவனுடைய பெரியப்பா வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

தெரு முட்டுகிற இடத்தில், இரண்டு வரிசைக்கும் குறுக்கே, இரண்டையும் பார்த்தபடி இருந்தது மெத்தைக்கடை.

இழுப்பு வரிசைக்குத் தலைவர் பாத்திரக்கடைக்காரர். கனத்த உடம்பு. "வாங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம். போன மாதம் அவருக்கு ஆறடிக் கட்டிலுக்கு மெத்தை போய்ச் சேர்ந்தது.

"தம்பீஇஇ, கட்டில் ஆறடி, மெத்தை அஞ்சே முக்கால்தான் இருக்குதேஏஏ!"

"பஞ்சு குளிருக்குச் சுருங்கும்ணேஏஏ. ரெண்டு வெயில்ல போடுங்க, நீண்டுரும்ணேஏஏ."

பாத்திரக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைப் பையன்களைக் கூப்பிட்டு, "கேட்டீங்களாடாஆஆ? நம்ம பேச்சுக்காரன் பொய் சொல்ல மாட்டான்டாஆஆ" என்றார். மெத்தை இன்னும் வெயிலில் கிடக்கிறது.

வெட்டு வரிசைக்குத் தலைவர் பூட்டுக்கடைக்காரர். ஒல்லி. அவருக்குப் பிள்ளை பிறந்த சேதியை ஊருக்குச் சொன்னபோது "வந்தாச்சு" என்றாராம். எல்லோரும் புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று கடைக்கு ஓடிப்போனார்கள். அவரும் குறை சொல்ல வந்தார்.

"மச்சான். மெத்தை. குழி."

"யார்?"

"நான்."

"ஒரே பக்கம்?"

"ம்."

"திருப்பு."

"சரி."

அவ்வளவுதான், போய்விட்டார். "நம்ம ஆள். சுருக்கம்" என்று தன் வரிசையில் சொல்லிக்கொண்டார். அதைச் சொல்லக்கூட அவருக்கு இரண்டு நாள் ஆகியிருக்கும்.

இப்படி இரண்டு பக்கமும் "நம்ம ஆள், நம்ம ஆள்" என்று தோளில் கை போட, மெத்தைக்காரருக்கு எந்தத் தோளும் கனக்கவில்லை. அவர் சொந்தமாக எப்படிப் பேசுவார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும்தான்.

அவர் மனைவியோ இந்த இரண்டிலும் சேராதவள். எங்கோ தொலைவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது. அவள் ஊர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு நடுவில் ஒரு எழுத்தைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பார்கள். புதுசாக வந்தபோது கடை முன்னால் நின்று ஒரு ஆளிடம், "எந்த அளவு வே-ஏ-ணும்?" என்று கேட்டாள். வந்தவன் மெத்தையை மறந்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் அதைச் சொல்லிக் காட்டினான். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க "வே-ஏ-ணும், வே-ஏ-ணும்" என்று பந்து விளையாடியது. இழுப்புக்காரர்களும் வெட்டுக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து சிரித்தது தெருவின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. "ஊஞ்சல்" என்று பெயரும் வைத்தார்கள். மெத்தைக்காரர் என்ன செய்தார்? இழுப்புக்காரர்களோடு இழுத்துச் சிரித்தார், வெட்டுக்காரர்களோடு வெட்டிச் சிரித்தார். உள்ளே வந்து, "நீ பின்கட்டிலயே இரு. உறை தைக்கிற வேலைக்கு வாய் எதுக்கு?" என்றார்.

அன்றைக்குப் பின்கட்டுக்குப் போனவள்தான். மகள் பிறந்து, வளர்ந்து, மருந்துக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். இவள் தையல் மிஷினை விட்டு முன்னால் வரவில்லை. (அவள் பேச்சை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதிக்காட்டினால் அச்சுக்கோப்பவர் அடிக்க வருவார். அங்கங்கே காட்டுகிறேன், மீதியை நீங்களே தூக்கிப்போட்டுக்கொள்ளுங்கள்.)

"ஊரில இருக்கிற நாய் நரி பேச்செல்லாம் உங்க வாயில வருது. இத்தனை வருஷமா கூ-ஊ-டவே இருக்கேன், என் பேச்சு ஒருநாளாவது வந்திருக்கா?" என்று அவள் எப்போதாவது கேட்பாள்.

"என்னத்தச் சொல்றேஏஏ?" என்பார் அவர், அல்லது "என்ன?" என்பார். அன்றைய வியாபாரத்தைப் பொறுத்தது.

பின்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே காற்றுக்குப் பதில் பஞ்சு. மூலையில் பஞ்சு பிய்க்கிற மிஷின் கடகடவென்று ஓடும். அது துப்புகிற பஞ்சைக் கூடையில் அள்ளி, கோடுபோட்ட உறைக்குள் கைமுட்டியால் திணித்து, மூலைகளைக் கட்டைவிரலால் குத்திக் குத்தி நிரப்பி, வாயைத் தைத்து, பிறகு பிரம்பால் சாத்து சாத்தென்று சாத்த வேண்டும். பஞ்சு சமமாகப் பரவுவதற்கு. பிறகு முழங்கை நீள ஊசியால் மேலிருந்து கீழே குத்தி இழுத்து, துணிப் பொத்தான் வைத்து முடிச்சுப் போட வேண்டும். மெத்தைக்கு இந்தப் பக்கம் ஒருவர் ஊசியைக் குத்த, அந்தப் பக்கம் ஒருவர் வாங்கித் திருப்பித் தர வேண்டும். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் இதைச் செய்யும்போது பார்த்தால், எதையோ கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிற இரண்டு பேர் மாதிரி இருக்கும். புருவத்தில் பஞ்சு, இமையில் பஞ்சு. குழம்பில் பஞ்சு விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். மழைக்காலம் வந்தால் பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கல்லாகும். இரண்டு பேரும் அதை விரித்து, புரட்டி, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலத் துவட்டுவார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் கட்டட விஷயம் வந்தது. தெருவை இடிக்கப்போகிறார்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே நான்கு மாடியில் ஒரே வணிக வளாகம் கட்டியாகிவிட்டது; எல்லோரும் அதற்குள் போக வேண்டும். கீழ்தளத்துக் கடைகளைப் பாதிப் பாதியாக இரண்டு தலைவர்களும் தங்கள் ஆட்களுக்குக் கொடுப்பார்கள். யாருக்கும் "நம்ம ஆள்" இல்லாதவனுக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. ஒல்லியான ஆறு பேர் நிற்கலாம், அல்லது பாத்திரக்கடைக்காரர் ஒருவர் நிற்கலாம். மெத்தை நிற்காது, மடங்காது, நுழையாது.

மெத்தைக் கடைக்கு மூன்றாவது மாடி என்பது மெதுவாகக் கடையை மூடுவதுதான். மெத்தையை யாரும் தேடிப்போய் வாங்குவதில்லை. போகிறபோது கையால் ஒரு அழுத்து அழுத்துவான், பிறகு உட்கார்வான், பிறகு பெண்டாட்டியை உட்காரச் சொல்வான், அப்புறம்தான் விலை கேட்பான். மாடி ஏறி வந்து அழுத்துகிறவன் எவன்? போதாததற்கு ஒவ்வொரு மெத்தையையும் படியில் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்க வேண்டும். மெத்தைக்காரருக்கு இடுப்பு ஏற்கெனவே பாதிச் சம்பளத்தில்தான் வேலை பார்த்தது. அவளுக்கு முழங்கால்.

"உங்களுக்கென்ன கவலை? ரெண்டு பேரும் நம்ம ஆள்னுதானே சொல்றாங்க?" என்றாள் மகள்.

"அதுதான் கவலையே" என்றார் மெத்தைக்காரர்.

ஏனென்றால் பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தன் வாயால், தன் பேச்சில் கேட்க வேண்டும் என்று இரண்டு தலைவர்களும் விதி போட்டிருந்தார்கள். கையெழுத்தை நம்ப மாட்டார்களாம், நாக்கு பொய் சொல்லாதாம். இப்பேர்ப்பட்ட மூளையை வைத்துக்கொண்டு இவர்கள் பாத்திரமும் பூட்டும் விற்றதில் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்!

இதுவரை மெத்தைக்காரர் இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசியதே கிடையாது. ஒரே கூரையின் கீழ் ஒருவர் இழுக்க ஒருவர் வெட்ட, நடுவில் இவர் வாயைத் திறந்தால், நாக்கு காற்றில் மாட்டிய கொடித்துணியாகிவிடும்.

"ஒரு பக்கமா நின்னுடணும். எந்தப் பக்கம்?" என்றார்.

"பூட்டுக்காரர் பக்கம்" என்றாள் மனைவி. "ரெண்டு வா-ஆ-ர்த்தையோட போயிடும். பாத்திரக்காரர் பேச்சுல கே-ஏ-ட்டு முடிக்கிறதுக்குள்ள கடையெல்லாம் தீர்ந்துடும்."

ஒத்திகை ஆரம்பமானது. மிஷினை நிறுத்திவிட்டு, மெத்தைகளுக்கு நடுவில் அவரை நிற்க வைத்தாள்.

"எனக்குக் கீழ்தளம். நான் உங்க ஆள்" என்றார் வெட்டுப் பேச்சில்.

"நல்லா இருக்குப்பா. இப்ப நான் பாத்திரக்காரர்" என்றாள் மகள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "தம்பீஇஇ, யாரு ஆளு நீயிஇஇ?"

"உங்க ஆளுதாண்ணேஏஏ!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பவும். திரும்பவும். ஒவ்வொரு முறையும் மகள் ஒரு இழுப்பு இழுத்தால் மனுஷன் போய் ஒட்டிக்கொண்டார். கடைசியில் பாத்திரக்கடை வாசலில் உடைந்த தவலை உருண்ட சத்தம் கேட்டது. அதற்கே "சொல்லுங்கண்ணேஏஏ" என்றார்.

"அப்பா, இது நாக்குப் பிரச்சினை இல்ல. காதுப் பிரச்சினை" என்றாள் மகள். "யாரை நீங்க கவனிச்சுக் கேக்குறீங்களோ அவங்க பேச்சு ஒட்டிக்குது."

"அப்ப அம்மா பேச்சு ஏன்..." என்று தானே தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

மனைவி ஊசியில் நூல் கோத்தபடி, "அவர் கே-ஏ-ட்டாத்தானே" என்றாள். மெத்தைக்காரர் இடுப்பைத் தடவிக்கொண்டு கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தார்.

அவள் எழுந்தாள். "காதுதானே பிரச்சினை? அடைச்சிடுவோம். பஞ்சுக்கா நமக்குப் பஞ்சம்?"

இந்த யோசனை மெத்தைக்காரர்களுக்கு மட்டும்தான் வரும். பூட்டுக்காரர் வீட்டில் இந்தக் கஷ்டம் வந்திருந்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். மாப்பிள்ளை மெத்தைக்கு என்று எடுத்துவைத்திருந்த முதல் தரப் பஞ்சில் இரண்டு உருண்டை உருட்டி அவர் காதில் திணித்தாள், உறையின் மூலையைக் குத்துகிற மாதிரி கட்டைவிரலால் குத்தி. மகள் இழுத்தாள். மனுஷன் அசையவில்லை. மகள் காதருகே போய்க் கத்தினாள். "எனக்குக் கீழ்தளம். நான் உங்க ஆள்" என்றார், பூட்டு விழுகிற சத்தம் மாதிரி.

மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கீழ்தளமே கிடைத்துவிட்டது.

கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு ஈ, காக்கைகூடக் கடைக்கு வரவில்லை. மகள் மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொண்டாள், வர வழியில்லை. "இனி ஒத்திகை வே-ஏ-ண்டாம், நாக்குக்கு ஓய்வு கொடுங்க" என்று சொல்லிவிட்டாள் மனைவி. இருவரும் ஈரப் பஞ்சைப் புரட்டினார்கள், ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார்கள். ஒரு பெரிய மெத்தையை விரித்து அவர் மேலிருந்து ஊசியைக் குத்த, அவள் கீழிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். வேறு குரல் இல்லாத வீட்டில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"எங்க ஊர்ல மழை வந்தா இப்படி நிக்காது. ஓ-ஓ-டிடும்."

"ஓ."

"எங்கப்பா எங்களை வா-ஆ-சல்ல உக்கார வெச்சு ஒவ்வொருத்தரையா பேசச் சொல்வாரு. யாரு உசரமாத் தூக்கிப்போடறாங்கன்னு போட்டி. நான்தான் ஜெயிப்பேன்."

"ஜெயிச்சா என்ன தருவார்?"

அவள் ஊசியோடு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. வேறு ஆள் இல்லாத குறைக்குக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மனுஷனுக்கு அத்தனை பெருமை கொடுக்க எனக்கு மனசு வராது.

"ஒண்ணும் தர மா-ஆ-ட்டாரு. சிரிப்பாரு."

அந்த இரண்டு நாளும் அவர் அவளையே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஊர்க் கிணறு, அவள் சித்தி ஓடிப்போன கதை, அவள் தங்கையின் கோபம். நாக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று இருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் புது வளாகத்தின் கீழ்தளத்திலேயே நடந்தது. இன்னும் சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. இடப்பக்கம் இழுப்புக்காரர்கள், வலப்பக்கம் வெட்டுக்காரர்கள், நடுவில் ஒரு யானை போகிற வழி. பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடையில் இரண்டு தலைவர்களுக்கும் ஒரே மைக் என்பதால், யார் முதலில் பேசுவது என்று தீர்மானிக்கவே டீ இரண்டு சுற்று வந்துபோனது.

மெத்தைக்காரர் கடைசி வரிசையில் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் முடியைக் காதுமேல் படிய வாரி விட்டிருந்தாள். "சட்டையை இழுத்தா எழுந்து ரெண்டு வா-ஆ-ர்த்தை. அவ்வளவுதான். பயப்படாதீங்க, நான் பின்னாலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஞ்சைத் திணித்தாள். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள். இழுத்துக் கேட்டவர்களுக்கு இடப்பக்கம் கைதட்டியது. வெட்டிக் கேட்டவர்களுக்கு வலப்பக்கம் ஒரே ஒரு தட்டு தட்டியது. "மெத்தை" என்றார் பூட்டுக்கடைக்காரர் மைக்கில். "நம்ம தம்பீஇஇ" என்று பாத்திரக்கடைக்காரர் அதே மைக்கில் சாய்ந்தார். இரண்டு பக்கமும் கைதட்டியது.

மனைவி சட்டையை இழுத்தாள். அவர் எழுந்தார். காலைச் சேர்த்து நின்றார்.

"எனக்குக் கீ-ஈ-ழ்தளம் வே-ஏ-ணும்" என்றார். "நான் உங்க ஆ-ஆ-ளு."

சிரிப்பு வெடித்தது பாருங்கள், புதுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. இடப்பக்கம் நாற்காலியோடு சாய்ந்தான் ஒருவன். "ஊஞ்சல்! ஊஞ்சல்!" என்று வலப்பக்கம் எவனோ கத்தினான். மெத்தைக்காரருக்கு எதுவும் கேட்கவில்லை. எல்லா வாயும் திறந்து எல்லாப் பல்லும் தெரிவதைப் பார்த்தார். நம் பேச்சு எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். பாவி மனுஷன், இரண்டு வார்த்தையோடு உட்காராமல் பிரசங்கத்தில் இறங்கினார்.

"இத்தனை வருஷமா நீ-ஈ-ங்க காட்டின பாசத்தை நான் மறக்க மா-ஆ-ட்டேன்! நம்ம பே-ஏ-ச்சுதான் நமக்கு உசுரு!"

மனைவி அவர் தலையைப் பிடித்துத் திருப்பிப் பஞ்சைப் பிடுங்கினாள். சிரிப்பு முழுக்க ஒரேயடியாக அவர் காதுக்குள் கொட்டியது.

பாத்திரக்கடைக்காரர் எழுந்தார். "ஏன்டாஆஆ, இத்தனை வருஷமா என் கடையில உக்காந்து என் டீயைக் குடிச்சிக்கிட்டு என் பேச்சைப் பேசுனியே, அதெல்லாம் நக்கலாடாஆஆ?"

"உன் பேச்சா? என் பேச்சு" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"உன்கிட்டயும் பேசினானாஆஆ?"

"தினம்."

இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஆள் இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறான் என்பதைக்கூடத் தாங்கியிருப்பார்கள். தங்கள் வாய்க்கால் பேச்சை, உலகத்தில் வேறெவனுக்கும் வாய்க்காத அந்தப் பொக்கிஷத்தை, ஒரு பஞ்சுக்காரன் முன்தினம் கேட்டு மறுநாள் பேசிவிட்டான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அப்படியென்றால் அது யாருக்கும் வரும். அப்படியென்றால் இவர்கள் யார்? மேடையில் இரண்டு பெரிய மனிதர்களின் முகமும் ஈயம் பூசியதுபோல் வெளிறியது.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் பூட்டுக்கடைக்காரர் அவசரமாக. அவர் வாழ்நாளில் பேசிய மிக நீண்ட வாக்கியம்.

"எனக்குந்தான்டாஆஆ! ஆனா ரத்தத்துல நம்ம ஆளு. இல்லாட்டி அப்படி வராதுஉஉ." பாத்திரக்கடைக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்து மெத்தைக்காரரின் தோளைப் பிடித்தார். "தம்பீஇஇ. ஒரே ஒரு தடவை நம்ம பேச்சுல கேளுஉஉ. முன்வாசல் கடை உனக்குத்தான்ன்ன்."

பூட்டுக்கடைக்காரர் மறுதோளைப் பிடித்தார். "எங்க மாதிரி. ஒரு வார்த்தை. மூலைக்கடை. ரெண்டு வாசல்."

மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்க!" என்றாள் அவள். "யார் மா-ஆ-திரியாவது சொல்லித் தொலைங்க! கடை கிடைக்கட்டும்!"

அவளுக்கு ரோஷமெல்லாம் இல்லை. முழங்காலுக்கு ரோஷம் தெரியாது. அவர் வாயைத் திறந்தார். இரண்டு காதிலும் இரண்டு பேச்சும் வெந்நீர் மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தன. தெருவே அவருக்காக இழுத்தது, வெட்டியது. அவர் கண்ணை மூடினார், திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"கீ..." என்றார். "கீ-ஈ..."

"அப்படி இல்லைஐஐ!"

"கீ-ஈ-ழ்தளம்" என்றார். வியர்த்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பி, "வர மா-ஆ-ட்டேங்குதுடி" என்றார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் தோளிலிருந்து கையை எடுத்தார்கள். கையைத் துடைத்தும் கொண்டார்கள், இருவரும் ஒரே வேட்டியிலா என்று மட்டும் நான் கவனிக்கவில்லை. "மூணாவது மாடி" என்றார் ஒருவர். "மூணாவது மாடிஇஇ" என்றார் மற்றவர். தெரு தோன்றிய நாளிலிருந்து அவர்கள் சண்டையில்லாமல் சேர்ந்து எடுத்த ஒரே தீர்மானம் அதுதான்.

மெத்தைக்காரர் மனைவி அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லோர் முன்னாலும், இத்தனை வருஷம் பின்கட்டில் அடைத்துவைத்த தொண்டையை முழுசாகத் திறந்து:

"கல்யாணம் ஆன நா-ஆ-ள்லேருந்து கேட்டேன்! ஒருநாள் என் பேச்சு பேசுங்கன்னு தவமிருந்தேன்! அப்பெல்லாம் காது செவிடா? உங்களுக்கு என்னைக் கேக்கறதுக்கு இன்னைக்குத்தா-ஆ-ன் நேரம் கிடைச்சுதா? கடை போ-ஓ-ச்சு! எல்லாம் போ-ஓ-ச்சு!"

"நான் என்ன பண்ணட்டும்? நீ-ஈ-தானே ரெண்டு நாளா பேசிக்கிட்டே இருந்த!"

"நான் பே-ஏ-சினா கேட்டுடறதா? எந்தப் புருஷன் கே-ஏ-க்கிறான்?"

இழுப்பும் வெட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் டீக்காரர் கெட்டிலோடு நடுவழியில் நின்றுவிட்டார்.

அடுத்த வாரம் சாமான் ஏற்றினார்கள். பஞ்சு மூட்டை லிஃப்டில் போய்விட்டது, மிஷின் நான்கு பேர் தோளில் போய்விட்டது. மெத்தைகள் படியில்தான். கீழ்தளத்தில் பாத்திரக்கடைக்காரர் புதுக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்கடைக்காரர் எதிரே பூட்டுகளை மாட்டியபடி பார்க்காததுபோல் பார்த்தார். மெத்தைக்காரரும் மனைவியும் ஆளுயர மெத்தையைச் சுவர்போல நிமிர்த்தி, அவர் மேல்முனையிலும் அவள் கீழ்முனையிலுமாகப் பிடித்து, முதல் திருப்பத்தில் சிக்கவைத்தார்கள்.

"சா-ஆ-ய்ச்சுப் பிடிங்கன்னா!"

"சாய்ச்சுத்தா-ஆ-ன் பிடிச்சிருக்கேன்! நீ தள்ளா-ஆ-தே!"

"தள்ளலைன்னா எப்படி ஏ-ஏ-றும்?"

"இடுப்பு போ-ஓ-ச்சு!"

"போ-ஓ-கட்டும்! எனக்கு முழங்கால் போ-ஓ-ன மாதிரி!"

மெத்தை ஒரு படி ஏறியது. இரண்டு படி இறங்கியது. மறுபடி ஏறியது. சண்டை முதல் மாடியைக் கடந்து இரண்டாவதுக்குப் போனது, ஒரு நிமிஷம்கூட ஓயாமல். கீழே நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்த பாத்திரக்கடைக்காரர் பூட்டுக்கடைக்காரர் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருதானே மேல போனாங்கஅஅ?" என்று கேட்டார். படியில் ஒரே ஆள் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டு போகிற மாதிரிதான் கேட்டது.